சதுப்புக் காடும் ஓடை நீரும்

மலையடிவாரத்தில் நிலம் உடையோர் பலர், தம் பட்டாவுக்குள்ளோ அதனை ஒட்டியோ கிடக்கும் சதுப்புக் காட்டைப் பயனற்ற இடம் என்றே கருதுகின்றனர். ஆண்டு முழுதும் கால் புதையும் சேறு. அங்கே ஏர் இறங்காது. மாடு இறங்கினால் கரையேறாது. மரங்களும் வீடு கட்டுதற்கேற்ற முதல்தர மரங்கள் அல்ல. இத்தகைய இடத்து மரங்களை விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் விற்றுவிட்டு, நடுவே ஒரு வடிகால் வெட்டி, நெல்லோ பாக்கோ வாழையோ வைத்தால் என்ன என்ற எண்ணம் ஒருவருக்கு எழுவது இயற்கையே. அதனைப் பேராசை என்று இகழ்வதில் பயனில்லை. நிலத்துக்கு உடையவர் வரவு செலவு பார்த்தே நடப்பார். ஆனால் அந்த வரவு செலவில் ஒரு பத்தி எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதே இங்கு எடுத்துரைக்கத் தக்கது.

எழுதப்படாத அந்தப் பத்தி தண்ணீரைப் பற்றியது. ஓடை பிறக்கும் இடத்திலும் ஓடையின் கரையிலும் நிற்கும் சதுப்புக் காடு ஓடையின் ஓர் உறுப்பாகும். அதனை அழித்தால் வரும் கேடு அழித்தவருடைய வயலில் முதலில் தெரிவதில்லை. கீழேயுள்ள துறையிலும், கிணற்றிலும், வாய்க்காலிலும், ஏரியின் அடியிலும் தெரிகிறது. இக்கேட்டில் எவ்வளவு தானே ஆறிவிடும், எவ்வளவு ஆறாது என்று பகுத்தறிந்து கொண்டால், எதனைச் செய்யலாம் எதனைச் செய்யலாகாது என்பது விளங்கும்.

காட்டின் இயல்பு

மேற்கு மலைத்தொடரின் மேலைச் சரிவில், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணி முதலிய இடங்களிலும், வடக்கே வட கன்னட மாவட்டத்துக் காத்தலேக்கானிலும் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிறைந்த சதுப்புக் காடுகள் உள்ளன. திருவிதாங்கூர்ப் பகுதியிலுள்ள இக்காடுகள் 1960-ல் வனநூல் அறிஞர்களால் முதன்முறையாக விவரிக்கப்பட்டன. பின்னர் 1968-ல் வெளிவந்த இந்தியக் காடுகளின் வகைப் பட்டியலில் இவற்றுக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. மெதுவாக ஓடும் ஓடைகளின் இருபுறமும், தட்டையான பள்ளங்களில், ஆண்டின் பெரும்பகுதியும் நீர் தேங்கியிருக்கும் இடத்தில் இவை வளர்கின்றன. சேற்றுக்குள் காற்றுப் புகாமையால், இம்மரங்களின் வேர்கள் முழங்காலை மடக்கினாற் போல மேலெழுந்து காற்றை வாங்கிக்கொண்டு மீண்டும் சேற்றில் இறங்குகின்றன. சில இனங்கள் அடிமரத்திலிருந்து ஊன்றுகோல்கள் போன்ற வேர்களை விட்டு நிற்கின்றன.

இக்காடுகள் ஒரு காலத்தில் பள்ளத்தாக்குகள் தோறும் பரவியிருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பள்ளத்தில் தண்ணீர் வற்றாமையால், நெல் சாகுபடிக்கு முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட நிலங்களும் இவையே. நெல்லுக்குப் பின் பாக்குத் தோட்டங்கள் வந்தன. சில இடங்களில் தேக்கும் ரப்பரும் வந்தன. கேரள மாநிலத்தில் இன்று எஞ்சியுள்ளவை எல்லாம் சேர்ந்து சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர், அதாவது நானூறு ஏக்கருக்குச் சிறிது குறைவு. அதுவும் பல சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு நடுத்தரக் கிராமத்தின் நஞ்சைப் பரப்புக்கு மேல் அது இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதே வேலையை வேறு உருவில் செய்வன நீலகிரியின் உயர்ந்த மேட்டு நிலத்துப் பள்ளங்கள். புல் மூடிய குன்றுகளுக்கு இடையே சோலைக் காடும், அதனை அடுத்துக் கரிய மட்கு நிறைந்த சதுப்பும் ஓடைகளுக்குத் தாயகமாக இருக்கின்றன. சாந்திநல்லாவில் தோண்டி ஆராயப்பட்ட மட்கு இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தன் அடுக்குகளில் வைத்திருப்பதாகக் கண்டனர். அவ்வளவு காலம் சேர்ந்த மண்ணை ஒரு வடிகாலால் சில ஆண்டுகளில் உலரச் செய்துவிடலாம். நீலகிரி ஓடைகளின் பெரும்பகுதி மோயாற்றிலும் பவானியிலும் கலந்து, 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையை அடைகின்றது. அதன்கீழ்ப் பாசனம் பெறும் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் நிலத்துக்கு உரியவர்களும் இவ்விஷயத்தில் சம்பந்தம் உடையவர்களே.

சேறு செய்யும் வேலை

சதுப்புக் காடு தண்ணீரை மூன்று வழிகளில் சுத்தம் செய்கின்றது. முதலாவது, வேரும் உதிர்ந்த சருகும் விழுந்த கட்டையும் நீரின் வேகத்தைத் தடுக்கின்றன. வேகம் குறைந்த நீர் தான் சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடுகிறது. இரண்டாவது, மண்ணோடு ஒட்டிவரும் மணிச்சத்து அம்மண்ணோடு தங்கிவிடுகிறது. மூன்றாவது, நீரில் கரைந்து வரும் நைட்ரேட்டு காற்றில்லாத சேற்றில் அழிந்து போகிறது.

இந்த மூன்றாவது வேலையை நெல் பயிரிடுவோருக்கு அதிகமாக விளக்க வேண்டுவதில்லை. தேங்கிய நீருள்ள நடவு வயலுக்கு நைட்ரேட்டு உரம் ஏற்றதன்று என்று வேளாண்மைத் துறையினர் சொல்லக் கேட்டிருப்பார்கள். காரணம், சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு வேண்டிய பிராணவாயு அங்கே கிடைக்காமையால், நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு தழைச்சத்தை வாயுவாக ஆகாயத்துக்கு விட்டுவிடுகின்றன. வயலில் இது நஷ்டம். ஓடைக்கரைச் சதுப்பிலோ இதுவே பெரிய லாபம். மேட்டு நிலத்தில் இட்ட உரத்தில் பயிர் உண்ணாது கழிந்த பகுதி, நிலத்தடி நீரோடு கசிந்து ஓடைக்கு வருகையில், இந்தச் சேற்றைக் கடந்தே வரவேண்டும். அப்படிக் கடக்கையில் அதன் பெரும்பகுதி நீரைவிட்டு நீங்குகிறது. உதிரும் சருகு அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. ஆகவே மரமும் சேறும் சேர்ந்தே இவ்வேலையைச் செய்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றால் முழுப் பயனையும் எதிர்பார்க்க இயலாது.

இதற்குக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ரோடு ஆற்றுப் படுகையில், மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் இடையே சுமார் 50 மீட்டர் அகலத்துக்கு விடப்பட்டிருந்த கரைக்காட்டை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1984-ல் வெளியிட்டனர். வயல் தனக்கு வந்த தழைச்சத்தில் 8 சதவீதத்தையே பிடித்து வைத்தது. அக்காடோ தனக்குள் வந்த தழைச்சத்தில் 89 சதவீதத்தைத் தடுத்து நிறுத்தியது. உழவர் காசு கொடுத்து வாங்கிய உரம் ஓடையைக் கெடுக்காதபடி காவல் நின்றது, எவரும் கூலி கொடாத அந்த மரவரிசையே.

மரம் போனபின் நேர்வன

மரத்தை வெட்டியவுடன் முதலில் நேர்வது நிழல் நீங்குதல். வெயில் நேரே பட்டு ஓடை நீர் சூடேறுகிறது. 20 பாகை வெப்பமுள்ள நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கக்கூடும். 30 பாகையில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. அதே சமயத்தில் வெட்டிப் போட்ட தழையும் கிளையும் நீரில் அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் உண்கின்றன. மீன் மேல்வந்து வாய் திறப்பதும், நீரில் நாற்றம் எழுவதும் இதன் அடையாளங்கள்.

இரண்டாவது, கட்டைகளை இழுத்துச் சென்ற பாதைகள் மழைக்கு வாய்க்கால்களாகின்றன. சதுப்பு மண் மிருதுவானது. பாரம் ஏறிய இடத்தில் ஆழமாகப் பள்ளம் விழும். முதல் மழையில் அப்பள்ளங்களின் வழியே மெல்லிய களிமண் கலங்கி ஓடையில் சேர்கிறது. மணல் சிறிது தூரத்தில் படிந்துவிடும்; களியோ எளிதில் படியாமல் அணைக்கட்டு வரையும் ஏரி வரையும் சென்று, மதகடியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். தூர் எடுக்கும் செலவு காட்டை வெட்டியவர் தலையில் விழுவதில்லை.

மூன்றாவது, பலரும் எதிர்பாராத ஒன்று நேர்கிறது: நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. நின்ற மரங்கள் நாள்தோறும் பருகி ஆவியாக்கி வந்த நீர் இப்போது மண்ணிலேயே தங்கிவிடுவதால், சதுப்பு முன்னிலும் அதிகச் சதுப்பாகிறது. மரத்தை வெட்டினால் நிலம் காயும் என்று எண்ணியவர், வெட்டியபின் இடுப்பளவு சேற்றைக் காண்கிறார். அப்போதுதான் அவர் மண்வெட்டியை எடுத்து வடிகால் தோண்டத் தொடங்குகிறார். உண்மையான பெருங்கேடு அங்கேயே ஆரம்பமாகிறது.

வடிகால் வெட்டியதும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் அழுகாது கிடந்த மட்கிற் காற்று புகுகிறது. மட்கு சிதையத் தொடங்குகிறது. நிலம் ஆண்டுதோறும் தாழ்கிறது. அதிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்து வடிகாலில் இறங்குகின்றன. நீர் தேநீரின் நிறத்தை அடைகிறது. காற்றில்லாத சேற்றில் கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டதும் துருவாகி, வடிகாலின் அடியிலும் கரையிலும் காவி நிறப் படலமாகப் படிகிறது. இப்படலத்தைக் கண்டவிடத்து, மேலே எங்கோ ஒரு சதுப்பு உலர்த்தப்படுகிறதோ என்று விசாரிப்பது நல்லது. யாவற்றினும் முக்கியமாக, மேட்டு நிலத்திலிருந்து கசிந்து வரும் நீர் இப்பொழுது சேற்றைக் கடப்பதில்லை. வடிகால் வழியே நேராக ஓடைக்கு வந்துவிடுகிறது. வடிகட்டி இருந்த இடத்தில் திறந்த குழாய் வைத்தாற் போலாகிறது.

காடு முழுவதும் அழிந்து, மீண்டும் துளிர்க்கவும் விடாமற் செய்தால் என்ன ஆகும் என்பதை அறிய, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் என்னும் மலைக்காட்டில் ஒரு பரிசோதனை நடந்தது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுதும் வெட்டப்பட்டது. மரங்கள் எடுத்துச் செல்லப்படாமல் அங்கேயே விடப்பட்டன. மறுதுளிர்ப்பு களைக்கொல்லியால் தடுக்கப்பட்டது. ஓடை நீரில் நைட்ரேட்டு, வெட்டப்படாத நிலையை நோக்க, முதலாண்டில் 41 மடங்கும் இரண்டாம் ஆண்டில் 56 மடங்கும் உயர்ந்து, குடிநீருக்கு விதிக்கப்பட்ட அளவைப் பெரும்பாலும் எப்பொழுதும் தாண்டியே நின்றது. அது சதுப்புக் காடு அன்று. மறுதுளிர்ப்பை அடியோடு தடுத்த தனி நிலையுமாகும். எனினும் காட்டின் வேரும் துளிரும் எவ்வளவு சத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை அது ஐயமற எடுத்துக் காட்டிற்று. இந்திய நாட்டுக் குடிநீர்த் தரவிதியிலும் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டே உச்ச வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரிற் பால் கலந்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் பிராணவாயுவை ஏந்த இயலாத நிலை உண்டாகக்கூடும்.

கோடரியும் மண்வெட்டியும்

இவற்றைக் கேட்டு, சதுப்புக் காட்டில் ஒரு மரத்தையும் எக்காலத்தும் தொடலாகாது என்று முடிவு கட்டுவது சரியன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல்–டென்சா கழிமுகத்துச் சதுப்புக் காட்டின் சில பகுதிகள் 1986-ல் ஆராய்ச்சிக்காக முற்றாக வெட்டப்பட்டன. ஓரிடத்தில் மரங்களை ஹெலிகாப்டரால் மேலே தூக்கி எடுத்தனர். ஓரிடத்தில் இழுவை இயந்திரத்தை ஓட்டிச் சேற்றைக் கலக்கினர். ஓரிடத்தில் களைக்கொல்லி தெளித்தனர். ஆனால் எங்கும் வடிகால் வெட்டவில்லை. ஆற்று வெள்ளம் வழக்கம்போல் வந்து போயிற்று. முதலிரண்டு இடங்களிலும் அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடு திரும்பத் தொடங்கியது. இடைக்காலத்தில் அடர்ந்து வளர்ந்த புல்லும் பூண்டும் வெள்ளம் கொணர்ந்த வண்டலை, வெட்டாத காட்டைவிட அதிகமாகவே பிடித்து வைத்தன. களைக்கொல்லி தெளித்த இடத்தில் மட்டும் மரம் திரும்பாமல் புல்வெளியே நிலைத்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பின்லாந்து தேசம். அங்கே மரம் நன்றாக வளரவேண்டும் என்ற நோக்கத்தோடேயே, பெரும்பாலும் 1960-களிலும் 1970-களிலும், சுமார் 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் வடிகால்கள் வெட்டினர். மரம் வளர்ந்தது உண்மை. ஆனால் மண்ணும் மணிச்சத்தும் பழுப்பு நிற மட்குச் சாறும் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் இறங்கின. வடிகால் வெட்டிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சத்துக் கசிவு நிற்கவில்லை என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டின. அந்நாட்டார் இப்பொழுது பல இடங்களில் பழைய வடிகால்களைப் பணம் செலவழித்து அடைத்து வருகின்றனர்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. கோடரியால் நேரும் தீங்கு, அடிக்கட்டை துளிர்க்குமானால், பெரும்பாலும் ஆறிவிடக் கூடியது. மண்வெட்டியால் நேரும் தீங்கு எளிதில் ஆறுவதன்று. மேற்கு மலைச் சதுப்புகளில் இதுகாறும் நடந்தது கோடரிக்குப் பின் மண்வெட்டி, மண்வெட்டிக்குப் பின் நிலையான சாகுபடி என்பதாகவே பெரும்பாலும் இருந்தது. ஆதலால் காடு திரும்பவில்லை. மேலும் காட்டு ஜாதிக்காயின் விதை பருத்தது, ஈரம் உள்ளது. உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். நெல் விதைபோல் குதிரில் சேமித்து வைத்து வேண்டும்போது விதைக்க இயலாது. தாய் மரமும் ஈரமும் ஒருங்கே போனபின், விதை எங்கிருந்து வரும்?

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

மரம் தண்ணீரைக் குடிக்கிறது, ஆகவே வெட்டினால் தண்ணீர் பெருகும் என்பது ஒரு சாராரின் வாதம். இது முழுப் பொய்யன்று. மேலே கூறிய ஹப்பர்ட் புரூக்கில் வெட்டிய பின் முதலாண்டில் ஓடையின் நீர் 39 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 28 சதவீதமும் அதிகரித்தது. ஆனால் அதிகரித்த அந்நீரே நைட்ரேட்டு மிகுந்த நீர். நீரின் அளவு வேறு, நீரின் தன்மை வேறு. மேலும் எந்த மரம் என்பதையும் நோக்க வேண்டும். நீலகிரியில் கிளென்மார்கனில் மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் 1972-ல் தைல மரம் நட்டுப் பார்த்தபோது, முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதமும், மறுதாம்புச் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. ஆகவே சோலையையும் சதுப்பையும் அழித்துவிட்டு, அவ்விடத்தில் தைல மரத்தை நட்டு, காடு வளர்த்தாயிற்று என்று சொல்வது பொருந்தாது. அளவும் கெட்டு, தன்மையும் கெடும் வழி அது.

சதுப்பு இருந்தால் மலேரியா வரும் என்பது மற்றொரு வாதம். மேற்கு மலைச் சரிவுகளில் அந்நோயைப் பரப்பிய முக்கியமான கொசுவினம், புல் வளர்ந்த ஓரங்களையுடைய மெல்லிய ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் முட்டையிடுவது. அடர்ந்த நிழலை நீக்கிப் புதிய வடிகால்களை வெட்டுவதால் அதற்கு இடம் குறையும் என்று எண்ணுவதற்கில்லை.

மூன்றாவது ஆட்சேபமே வலியது. இரண்டு ஏக்கர் உடைய ஒருவருக்கு அரை ஏக்கர் சதுப்பாக இருக்குமானால், கீழூரார் நல்ல தண்ணீர் குடிப்பதற்காக அவர் அந்த அரை ஏக்கரை ஏன் விடவேண்டும்? இக்கேள்விக்கு உபதேசம் விடையாகாது. பயன் அடைவோர் இழப்பிற் பங்கு கொள்ள வேண்டும் என்பதே நியாயமான விடை. நியூயார்க் நகரத்தார், நீரை வடிகட்டும் பெரிய ஆலை கட்டுவதைக் காட்டிலும் நீர்ப்பிடிப்பைக் காப்பது சிக்கனம் என்று கண்டு, 1997-ல் மலைநாட்டு ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அங்குள்ள நிலமுடையோருக்கும் உழவருக்கும் பணம் செலவிட்டு வருகின்றனர். அவ்வளவு பெரிய நகரத்துக்குப் பொருந்தியது, ஓர் ஓடையை நம்பிய நாலைந்து ஊராட்சிகளுக்குச் சிறிய அளவிற் பொருந்தாமற் போகக் காரணமில்லை. குடிநீர்த் திட்டத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியை, சதுப்பை விட்டுவைக்கும் நிலமுடையோருக்கு ஆண்டுதோறும் ஈடாகக் கொடுப்பது தருமம் அன்று. வாங்கிய பொருளுக்கு விலை கொடுப்பதே ஆகும்.

நிலமுடையோர் செய்யத் தக்கன

சதுப்புக் காடு உடையோர் முதலாவதாக, அதன் குறுக்கே வடிகால் வெட்டுவதை விலக்க வேண்டும். முன்னோர் வெட்டிய வடிகால் இருந்து, அந்த நிலம் சரியாக விளையாமல் கிடக்குமானால், வடிகாலை ஆங்காங்கே மண்ணும் கல்லும் இட்டு அடைத்துச் சதுப்பைத் திரும்ப விடுவது நஷ்டமாகாது.

மரம் எடுக்க வேண்டிய அவசியம் நேர்ந்து, சட்டப்படி அனுமதியும் கிடைத்திருக்குமானால், ஒரே வீச்சில் அழிக்காமல் பொறுக்கி எடுத்தல் நல்லது. மழை ஓய்ந்து சேறு இறுகியிருக்கும் மாதங்களிலேயே வேலையை முடித்தல் வேண்டும். கட்டையை ஓடை வழியே இழுத்தலும், ஓடையின் குறுக்கே பாதை போடுதலும் கூடா. கொம்பும் தழையும் நீரில் கிடவாதபடி மேட்டில் ஒதுக்கவேண்டும். அடிக்கட்டைக்குத் தீ வைப்பதும் களைக்கொல்லி தெளிப்பதும் மறுதுளிர்ப்பை அழிக்கும். விதை தரும் பெரிய மரங்களைக் குறியிட்டு விட்டுவைக்க வேண்டும்.

சதுப்பு இல்லாத நிலமாயினும், ஓடையை ஒட்டிப் பயிரிடுவோர் கரையின் இருபுறமும் மரமும் புதரும் உள்ள ஒரு பட்டையை விடுவது தகும். மேரிலாந்தில் கண்ட 50 மீட்டர் அகலம் சிறு நிலமுடையோருக்கு இயலாததாக இருக்கலாம். அதற்காக ஒன்றும் விடாமல் கரை வரை உழுவது முறையன்று. இயன்ற அகலம் விட்டாலும் அவ்வளவுக்கும் பயன் உண்டு. அப்பட்டைக்குள் உரமிடுதலும், பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழுவுதலும் ஆகா. அங்கே வேங்கையோ நீர்மருதோ புன்கோ நின்றால் நிழலும் தழையும் விறகும் கிடைக்கும். கரை அரிப்பும் குறையும்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

கிராமக் கணக்கில் இத்தகைய இடங்கள் பெரும்பாலும் தரிசு என்றோ ஓடைப் புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்டிருக்கும். தரிசு என்ற சொல்லே பாதி அழிவுக்குக் காரணம். ஒருவருக்கும் பயன்படாதது என்ற பொருளை அது தருவதால், அதனைப் பயன்படுத்த முன்வருபவர் நன்மை செய்பவராகத் தோன்றுகிறார். தீர்வை ஏற்படாத நிலம் என்பது வேறு, வேலை செய்யாத நிலம் என்பது வேறு. அடங்கல் எழுதும்போது, நீர் தேங்கி மரம் நிற்கும் இடங்களை அவ்வாறே விளக்கமாகக் குறிப்பில் எழுதி வைத்தால், பின்னால் வரும் அதிகாரிக்கும் ஊராட்சிக்கும் அது சான்றாக இருக்கும்.

தமிழ்நாட்டில் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் அவை செல்லுபடியாகும் இடங்களில் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்துகின்றன. மரம் வெட்ட அனுமதி கேட்கும் மனுவின்மேல் விசாரணைக்குச் செல்வோர், மரங்களை எண்ணி எழுதுவதோடு நிற்பது போதாது. அவ்விடத்தில் நீர் எத்தனை மாதம் நிற்கிறது, ஓடை எத்தனை தூரத்தில் உள்ளது, கீழே எந்த ஊருக்கு அந்நீர் போகிறது, வெட்டிய பின் வடிகால் தோண்டும் எண்ணம் உண்டா என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதினால், அனுமதி கொடுப்பவர் உண்மை நிலையை அறிந்து தீர்மானிக்க இயலும்.

நீரைச் சோதிப்பதும் கடினமன்று. ஒரு கண்ணாடிக் குப்பியில் மழைக்கு முன்னும் முதல் மழைக்குப் பின்னும் ஓடை நீரை எடுத்து, ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் மண்ணின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்து வந்தால், மேலே நடப்பதன் போக்கு ஊராருக்கே தெரியும். நைட்ரேட்டுக்கு மட்டும் மாதிரி நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

முடிவாகக் கருதத் தக்கது இதுவே. மேல்மடையார் கீழ்மடையாருக்கு நீரை மறிக்கலாகாது என்பது பாசன கிராமங்களில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. அதனை மீறினால் ஊர் கூடும், வழக்கு நடக்கும். நீரை மறிப்பது எவ்வாறு குற்றமோ, அவ்வாறே நீரைக் கெடுத்து விடுவதும் குற்றம் என்னும் எண்ணம் இன்னும் அவ்வளவு உறுதியாக வேரூன்றவில்லை. மறித்த நீரை ஒரு நாளில் திறந்துவிடலாம். ஆயிரமாண்டுச் சேற்றை உலர்த்திக் கெடுத்த நீரைத் திருத்துவதற்கோ ஒரு தலைமுறையும் போதாது. ஆதலால் சதுப்பில் மண்வெட்டி இறங்குமுன், அதன் உடையவரும், கீழ்மடையாரும், கிராம அதிகாரியும் ஒருங்கே இருந்து, அந்நிலத்தின் வரவு செலவில் விடுபட்ட தண்ணீர்ப் பத்தியையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பார்களாக.